கோ-5 புல்லில் சைலேஜ் வருமா, மக்காச்சோளம்தான் வேண்டுமா?

பவானிக்கரை:
வணக்கம். ஜெர்சி கலப்பினம் இரண்டு, எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் ஒன்று, மூன்றும் கறவை. கோ-5 கம்பு நேப்பியர் இப்போது தேவைக்கு மேலேயே வெட்டு வருகிறது, ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, மாசிக்கு மேல் கிணற்றில் தண்ணீர் இருக்காது. மிச்சத்தை சைலேஜ் போடலாம், அதாவது காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்துச் சேமிக்கலாம் என்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மக்காச்சோளத்தில்தான் அது வரும், நேப்பியரில் போட்டால் நாறிப்போகும் என்கிறார். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஆறு இருக்கிறது. யாராவது நேப்பியரில் போட்டிருக்கிறீர்களா?

தீவனக்காடு:
வரும். ஆனால் வெட்டிய கையோடு அடைத்தால் அவர் சொன்னதுதான் நடக்கும். 45 நாள் புல்லில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், சர்க்கரையும் குறைவு. காற்றில்லாத இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையைத் தின்று புளிக்க வைத்தால்தான் புல் கெடாமல் நிற்கும்; தண்ணீர் மிஞ்சி சர்க்கரை குறைந்தால் வேறு பாக்டீரியா முந்திக்கொண்டு பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கும், அந்த வாடையை மாடு மட்டும் இல்லை நாமே தாங்க மாட்டோம். மக்காச்சோளத்தை மணியில் பால் முற்றி மாவு பிடிக்கும் சமயத்தில் வெட்டினால் ஈரமும் சர்க்கரையும் தானாகவே அளவாக இருக்கும், அதனால்தான் எல்லாரும் அதையே சொல்கிறார்கள்.

காலையில் வெட்டிப் பரப்பி மாலை வரை வாட விடுங்கள். சாப் கட்டரில் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் நறுக்கி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும், கையை விரித்ததும் உருண்டை மெதுவாகப் பிரிந்தால் சரி. நூறு கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ மொலாசஸை (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, அடுக்கடுக்காக மிதித்து அடையுங்கள். குளிர்நாடுகளில் ரை என்ற கோதுமை மாதிரியான தானியப் பயிரில் சைலேஜ் போடுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான், கதிர் வெளியே தள்ளும் முன்பே அறுப்பதால் சத்தும் அதிகம், தண்ணீரும் அதிகம், அவர்களும் வாட வைத்துத்தான் கட்டுகிறார்கள்.

மேய்க்கால்:
டிரம் கணக்கு ஒத்து வராதுங்க. நன்றாக மிதித்தால் ஒரு டிரம்மில் நூறு கிலோ சொச்சம் பிடிக்கும். மாட்டுக்கு 15 கிலோ வைத்தால் ஒரு நாளைக்கு 45 கிலோ, ஆறு டிரம்மும் இரண்டு வாரத்தில் காலி. முதலில் டிரம்மில் போட்டுக் கை பழகுங்கள், கோடைக்கென்று சேர்ப்பதைக் கெட்டியான சைலேஜ் பையில் போடுங்கள். பையில் எலி ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கால்நடை மருத்துவர்_ஈரோடு:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஐந்து ஆறு வாரம் கழித்துத் திறங்கள். பழுப்புப் பச்சை நிறமும் பழம் புளித்த வாசனையும் இருந்தால் நல்லது. பூஞ்சை பிடித்த பகுதியைக் கழுவியோ காயவைத்தோ போட வேண்டாம், எறிந்துவிடுங்கள், சினை மாட்டுக்கு ரொம்பவே ஆபத்து. முதல் நாள் இரண்டு மூன்று கிலோவில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பால் கறந்த பிறகு வையுங்கள், முன்னால் வைத்தால் பாலில் வாடை ஏறும். நேப்பியரில் ஆக்சலேட் இருக்கிறது, அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும் என்பதால் தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள். சைலேஜ் இருக்கிறதே என்று அடர்தீவனத்தையும் குறைக்க வேண்டாம், இதில் புரதம் குறைவு.

பவானிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. வாட வைக்கும் அன்று மேகம் மூடினால் என்ன செய்வது?

தீவனக்காடு:
காய்ந்த வைக்கோலை நறுக்கிக் கலந்துவிடுங்கள், மிஞ்சிய தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். ஆனால் அதிகம் போட்டால் சத்து குறைந்து, மிதித்தாலும் அமுங்காமல் உள்ளே காற்று நிற்கும். தூறல் விழுந்தால் அன்றைக்கு அடைக்கவே வேண்டாம், வெட்டியதை மாட்டுக்குப் போட்டுவிட்டு அடுத்த வெட்டில் பார்த்துக்கொள்ளலாம்.