போர்க்கு எங்கே போச்சு?

நிலா: மாமா, பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு குடுத்துட்டாங்க. "மக்கள் நாவில் ஒரு போர்க்களத் தொடர்". 5 நிமிஷம். "இன்று போய் நாளை வா" எடுத்துக்கவா?

கார்த்தி: இந்தா நிலா, ரெடிமேடா ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. "இன்று போய் நாளை வா என்றான் இராமன். கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன். – கம்பர்." அப்படியே ஸ்லைடுல போட்டுக்கோ.

முரளி மாமா: போடாதே நிலா. ரெண்டாவது வரி கம்பராமாயணத்துலயே கிடையாது. அருணாசலக் கவிராயரோட இராம நாடகத்தைச் சேர்ந்ததுன்னு சொல்வாங்க. நடுவர்ல ஒருத்தர் தமிழாசிரியரா இருந்தாப் போதும், முதல் மார்க் அங்கேயே போயிடும்.

கார்த்தி: முதல் வரியாவது கம்பர்தானே மாமா?

முரளி மாமா: கம்பர்தான். ஆனா முழுசா இல்லை. பாட்டைப் பாரு:

ஆளையா உனக்கு அமைந்தன மாருதம் அறைந்த
பூளை ஆயின கண்டனை. இன்று போய்ப் போர்க்கு
நாளை வா என நல்கினன் – நாகு இளங் கமுகின்
வாளை தாவுறு கோசல நாடுடை வள்ளல்

யுத்த காண்டம், முதற்போர் புரி படலம், கடைசிப் பாட்டு.

நிலா: "இன்று போய்ப் போர்க்கு நாளை வா"வா! நடுவுல "போர்க்கு" இருக்கறதே தெரியாது.

முரளி மாமா: யாருக்கும் தெரியாது. அந்த ஒரு சொல் உதிர்ந்ததுதான் உன் பேச்சு. "போர்க்கு" இருக்கிற வரைக்கும் இது களத்தை விட்டு வெளிய வர முடியாது. அது போனதும் கடன் கேட்டு வந்தவன்கிட்ட, மனு குடுக்க வந்தவன்கிட்ட, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்னு ஆயிடுச்சு.

கோமதி பெரியம்மா: முரளி, அவளுக்கு முதல்ல பொருள் சொல்லுடா. பூளைன்னா என்னன்னே தெரியாது அதுக்கு.

முரளி மாமா: சரிக்கா. பூளைன்னா பூளைப்பூ, பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்கும். மாருதம்னா காத்து. "உனக்குத் துணையா அமைஞ்ச படையெல்லாம் காத்தடிச்ச பூளைப்பூவாப் போனதைப் பார்த்தியா, இன்னைக்குப் போய், போருக்கு நாளைக்கு வா"ன்னு சொல்றான். யாரு? இளம் பாக்குமரத்து மேல வாளை மீன் துள்ளிப் பாயற கோசல நாட்டு வள்ளல், அதாவது இராமன், ராவணன்கிட்ட.

முரளி மாமா: ஒவ்வொரு அடியிலும் ரெண்டாவது எழுத்தைப் பாரு. ஆளை, பூளை, நாளை, வாளை. எதுகை "ளை". "நாளை" மூணாவது அடியோட தலையில வந்து நிக்குது. அதனால தொடர் ரெண்டு அடியில உடைஞ்சு கிடக்கு: "இன்று போய்ப் போர்க்கு" மேல, "நாளை வா" கீழ.

கார்த்தி: ஓ, அதான் தேடினா வரலையா? நாலு சொல்லையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டேன், சினிமா மட்டும்தான் வந்துச்சு.

முரளி மாமா: வராது. நடுவுல ஒரு சொல்லும் ஒரு அடி முறிவும் இருக்கே. போதாததுக்கு சில பதிப்புல "போய்ப்", சிலதுல "போய்,". இந்த மாதிரி வரியைத் தேடும்போது பாட்டோட முதல் சொல்லைப் பிடிக்கணும். புத்தகத்துக்குப் பின்னாடி பாட்டு முதற்குறிப்பு அகராதி இருந்தா அதுல "ஆ" வரிசையில "ஆளையா" பாரு. இணையத்துல தேடினா "மாருதம் அறைந்த"ன்னு ரெண்டே சொல் போடு. அபூர்வமான சொல்லாப் போட்டாத்தான் குப்பை வராது. ஸ்லைடுல படலத்தோட பேரைப் போடு, பாட்டு எண் போடாதே. எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

நிலா: வால்மீகியிலயும் இப்படித்தான் இருக்கா மாமா?

முரளி மாமா: நிகழ்ச்சி இருக்கு, "நாளை" இல்லை. யுத்த காண்டம் 59ஆம் சருக்கம். களைச்சுப் போயிருக்கே, இலங்கைக்குள்ள போய் இளைப்பாறிட்டு, தேரும் வில்லுமா வெளிய வா, அப்ப என் பலத்தை நீ பார்ப்பேன்னு இராமன் ராவணன்கிட்ட சொல்றான். எப்ப வரணும்னு கெடு கிடையாது. "நாளை"ன்னு கெடு வெச்சது கம்பன். எதுகைக்காக வந்துச்சோ என்னவோ, ஊரே பிடிச்சுக்கிட்டது அதைத்தான்.

கோமதி பெரியம்மா: ஊர் பிடிச்சுக்கிட்டதுக்கு சினிமாவும் காரணம்டா. 1958ல வந்த சம்பூர்ண ராமாயணம். கே.வி. மகாதேவன் இசை, மருதகாசி பாட்டு, சி.எஸ். ஜெயராமன் குரல். திரையில டி.கே. பகவதி, ராவணன். "இன்று போய் நாளை வாராய்"னு எடுப்பார் பாரு!

நிலா: அப்போ அதுல ராவணன் பாடறானா பெரியம்மா? ராமன் இல்லையா?

கோமதி பெரியம்மா: அதான் விஷயமே. சொன்னவன் பாடலை, கேட்டவன் பாடறான். ஒரு மனுஷன் என்னைப் பார்த்து இப்படிச் சொல்றதான்னு புழுங்கறான். "வா" அதுல "வாராய்" ஆயிடுச்சு. "போர்க்கு" எடுப்புலயே இல்லை.

முரளி மாமா: அக்கா சொல்றதோட கம்பனையும் சேர்த்துக்கோ நிலா. அடுத்த படலம் கும்பகருணன் வதை. அது ராவணன் களத்துல எதையெல்லாம் போட்டுட்டு வந்தான்னு ஒரு கணக்கோடதான் தொடங்குது. திசை யானையோட மோதின மார்பு, மலையைத் தூக்கின தோள், நாரதருக்கு ஏத்த மாதிரி பாடின நா, பத்து மகுடம், சிவன் குடுத்த வாள், கடைசியா வீரம். எல்லாத்தையும் "களத்தே போட்டு, வெறுங்கையோடு இலங்கை புக்கான்". அப்புறம் படுத்துக்கிட்டு, வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவர் சிரிப்பாங்கங்கிறதுக்கு வெட்கப்படலை, சானகி சிரிப்பாளேன்னு வெட்கப்படறான். சினிமாவுல "ஒரு மனிதன் சொல்வதா"ங்கிற ரோஷம். கம்பன்ல ஒருத்தி சிரிப்பாளேங்கிற நாணம். என்னைக் கேட்டா கம்பன் இன்னும் ஒரு படி உள்ள போயிட்டான்.

கார்த்தி: பாக்யராஜோட "இன்று போய் நாளை வா" படத்தை விட்டுட்டீங்களே. 1981. ஒரு பொண்ணு, பின்னாடி மூணு பசங்க. போர் சுத்தமா காலி.

கோமதி பெரியம்மா: அந்தப் படத்து ஹிந்தி டியூஷன்ல வந்த "ரகு தாத்தா"வே தனியா ஒரு தொடராயி, 2024ல ஒரு படத்துக்கே பேராயிடுச்சு. 2013ல ரீமேக் பண்ணப்ப பேரு "கண்ணா லட்டு தின்ன ஆசையா" ஆயிடுச்சு, கம்பன் போயாச்சு.

நிலா: சுவத்துல "நாளை வா"ன்னு எழுதினா பேய் திரும்பிப் போயிடும்னு சொல்வாங்களே, அதையும் சேர்க்கவா?

முரளி மாமா: சேர்க்காதே. கர்நாடகத்துல 1990கள்ல பரவின "நாளே பா" கதை அது. 2018ல வந்த ஸ்த்ரீங்கிற ஹிந்திப் படத்துலயும் சுவத்துல "நாளைக்கு வா"ன்னு எழுதுவாங்க. சொல் ஒத்துப்போறதாலயே கம்பன்லருந்து போச்சுன்னு ஆயிடாது. பேய் தினமும் படிச்சுட்டுத் திரும்பிப் போகணுங்கிறது அங்க தந்திரம். இங்க ராமன் நிஜமாவே நாளைக்கு வரச் சொல்றான். யாராவது கேள்வி கேட்டா மட்டும் இதைச் சொல்லு.

கார்த்தி: ஆபீஸ்ல அலைய விடறாங்கன்னு செய்தி போட்டா "இன்று போய் நாளை வா"ன்னு தலைப்பு வைப்பாங்களே, அது எந்தக் கணக்கு?

முரளி மாமா: அது தலைகீழ். பாட்டுல "நல்கினன்"னு இருக்கு பாரு, குடுத்தான்னு அர்த்தம். கடைசிச் சொல் "வள்ளல்". கொல்ல முடிஞ்சவன் ஒரு ராத்திரியைக் குடுக்கறான். ஆபீஸ்ல ஒருத்தரும் எதையும் குடுக்கலை, உன் ஒரு நாளை எடுத்துக்கறாங்க. சொல் அதேதான், குடுக்கல் வாங்கல் திசை மாறிடுச்சு.

நிலா: அப்போ ராமன் சொன்னது முழுக்கக் கருணைதானா? கிண்டல் இல்லையா?

முரளி மாமா: கொஞ்சம் குத்தலும் இருக்கு. "பூளை ஆயின கண்டனை"ன்னு படை பறந்ததைக் கண்ணுல காட்டிட்டுத்தான் "போ"ங்கறான். நீ ஒரு பக்கமா மட்டும் பேசினா எதிர்க்கேள்வியில மாட்டிப்பே. அந்த வரியையும் வெச்சுக்கோ.

கோமதி பெரியம்மா: இந்த நாலு சொல் மட்டும் ஏன் நிலைச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. வெறும் சினிமான்னு முடிச்சுடாதே.

முரளி மாமா: பாட்டுல பூளைக்கு உரை வேணும், நாகுக்கு உரை வேணும், கமுகு, வாளை எல்லாத்துக்கும் வேணும். இன்று, போய், நாளை, வா இந்த நாலுக்கு மட்டும் வேண்டாம். குழந்தைக்கே தெரியும். அதான் இது மட்டும் தனியா உருண்டு வந்துடுச்சு.

நிலா: பாட்டை எப்படிச் சொல்றது மாமா? பாடணுமா?

முரளி மாமா: பாடாதே, நிறுத்திச் சொல்லு. "கண்டனை"யில ஒரு நிறுத்தம். அப்புறம் "இன்று போய்ப் போர்க்கு நாளை வா" ஒரே மூச்சுல. எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான், அடி முடிஞ்சுடுச்சேன்னு "போர்க்கு"ல நின்னுடுவாங்க. நின்னா வாக்கியம் அங்கேயே உடையும், உன் கருத்தும் போச்சு. "நல்கினன்" சொல்லிட்டு இன்னொரு நிறுத்தம். மிச்சம் ஒரு மூச்சு. "ளை" நாலு இடத்துலயும் நாக்கு மேல மடியணும். "நாலை"ன்னு வந்தா எதுகையே காதுல விழாது.

கோமதி பெரியம்மா: 5 நிமிஷத்துக்கு 450 சொல்லுக்கு மேல எழுதாதே. பாட்டை ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும், ஆரம்பத்துல ஒண்ணு, "போர்க்கு"வைக் காட்டும்போது ஒண்ணு. சினிமாவுக்கு 1 நிமிஷம் போதும். அங்க போனா கைதட்டல் வரும், நேரம் போறதே தெரியாது, மணி அடிச்சுடுவாங்க.

நிலா: சரி பெரியம்மா. முதல்ல ஆபீஸ் தலைப்புல ஆரம்பிச்சு, அப்புறம் 1981, அப்புறம் 1958, கடைசியில கம்பன்னு பின்னாடி போகட்டுமா?

முரளி மாமா: நல்லா இருக்கு. அப்படிப் போனா "போர்க்கு" கடைசியிலதான் வெளிய வரும், அதுவரைக்கும் சொல்லிடாதே. முதல் தடவை சொல்றப்ப பாட்டு வேண்டாம், நாலு சொல் மட்டும் சொல்லு. அக்கா சொன்ன ரெண்டு தடவையையும் கடைசி ஒன்றரை நிமிஷத்துல வெச்சுக்கோ.

கார்த்தி: மாமா, நான் முதல்ல குடுத்த மேற்கோள் படத்தை அழிச்சுட்டேன். புதுசா ஒண்ணு பண்றேன். பாட்டு நாலு அடி, "ளை" நாலும் சிவப்பு, கீழ "கம்பராமாயணம், யுத்த காண்டம், முதற்போர் புரி படலம்". சரியா?

முரளி மாமா: சரி. "போர்க்கு"வுக்கு எந்த நிறமும் குடுக்காதே. அவ சொல்றதுக்கு முன்னாடி ஸ்லைடு சொல்லிடக் கூடாது.