உரிம மாற்றமா, உரிமப் பெயர்மாற்றமா?

அன்புள்ள மென்பொருள் தமிழாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

'லைசென்ஸ் டிரான்ஸ்பர்' என்பதற்கு நான்கு நாளாகச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். நான் தமிழாக்கிக்கொண்டிருப்பது ஒரு சிறிய இசை மென்பொருள் கடையின் பக்கங்கள். ஒரே ஆள் நிரல் எழுதி, அவரே விற்று, அவரே வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கும் பதில் போடுகிற கடை. வாங்கிய செருகுநிரல் (இசைப்பதிவு மென்பொருளுக்குள் செருகிப் பயன்படுத்தும் 'பிளகின்') வேண்டாமென்றால் இன்னொருவருக்கு விற்றுக்கொள்ளலாம். அதற்குக் கணக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானில் என்ன எழுதுவது?

குழுவில் இதுவரை வந்தவை உரிம மாற்றம், உரிமக் கைமாற்று, உடைமை மாற்றம். நான் 'உரிமப் பெயர்மாற்றம்' என்கிறேன். ஏன் என்று சொல்ல, எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்தசைசர் செருகுநிரலை இரண்டாம் கையாக வாங்கினேன். புதிது 149 டாலர், விற்றவர் கேட்டது 60. பணம் போய்ச் சேர்ந்ததும் வரிசை எண்ணும் நிறுவல் கோப்பும் வந்தன. எண்ணைப் போட்டேன், திறந்துகொண்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்து மடிக்கணினி மாற்றியபோது அதே எண்ணைப் போட்டால், 'உறுதிப்படுத்தும் இணைப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டது' என்று வந்தது. நட்சத்திரக் குறிகளால் மறைத்துக் காட்டிய அந்த முகவரியில் தெரிந்த முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் என் முகவரியில் இல்லாதவை. பழைய கணினியைத் திறந்து பார்த்தேன். செருகுநிரலின் கீழ் மூலையில், பொடி எழுத்தில், 'உரிமம் பெற்றவர்' என்பதற்கு எதிரே விற்றவரின் பெயர் அப்படியே இருந்தது. உருவாக்கியவருக்கு எழுதினேன். இருவரும் ஒப்புதல் அனுப்பினால் 20 டாலர் கட்டணத்தில் பெயரை மாற்றித் தருவதாகச் சொன்னார். விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. 60 டாலர் போனது போனதுதான்.

கோப்பு என்னிடம் வந்தது, எண் வந்தது, காசு கைமாறியது. மாறாமல் நின்றது பதிவேட்டில் இருந்த பெயர் ஒன்றுதான். அது மாறாதவரை வேறு எது மாறியும் பயனில்லை. அதனால்தான் சொல்லில் 'பெயர்' இருக்க வேண்டும் என்கிறேன்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சொல்லும் இல்லை. பழைய வண்டி வாங்கினால் வீட்டில் முதல் கேள்வி, "ஆர்.சி. புக்குல பேர் மாத்தியாச்சா?" வீடு வாங்கினால் மின் இணைப்புப் பெயர் மாற்றம், வரி ரசீதில் பெயர் மாற்றம். சாவி கைக்கு வந்ததும் காரியம் முடிந்துவிடாது, அலுவலகத்தில் பெயர் மாறவேண்டும் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவு முழுவதும் இந்தச் சொல்லோடு இலவசமாக வருகிறது. கட்டணம் கேட்டால்கூட 'பெயர்மாற்றக் கட்டணம்' என்றால் எவரும் நெற்றியைச் சுருக்க மாட்டார்கள்.

இனி மற்ற மூன்றும்.

> உரிம மாற்றம் என்றே வைக்கலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் ஆளே மாறாமல் உரிமத்தின் விதிகள் மாறுவதும் உண்டு. சிறு உருவாக்குநர்கள் பலர் செருகுநிரல் எழுதப் பயன்படுத்தும் ஜூஸ் என்ற நிரல் சட்டகம், 2024இல் வந்த 8ஆம் பதிப்பில் தன் திறந்த மூல உரிமத்தை ஜி.பி.எல். என்ற ஒன்றிலிருந்து ஏ.ஜி.பி.எல். என்ற இன்னொன்றுக்கு மாற்றியது. உரிம மாற்றம் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். அதை அங்கே விட்டுவைப்போம்.

> உரிமக் கைமாற்று. சொல்லும்போதே நன்றாக இருக்கிறது.

ஐயா, எனக்கும் பிடித்தது. ஆனால் கைமாற்று என்றால் எங்கள் பக்கம் பத்திரம் எழுதாமல், வட்டி இல்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். "ஐந்நூறு ரூபாய் கைமாத்தாக் கொடு" என்பார்கள். உரிமக் கைமாற்று என்று எழுதினால், சில நாள் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரலாம் போலிருக்கிறது என்று ஒருவர் நினைத்தால் அவர்மேல் தவறில்லை.

உடைமை மாற்றம் என்று எழுதிய அம்மாவின் வாதம் வலுவானது: காசு கொடுத்து வாங்கியது என் உடைமை, அதை விற்கும் உரிமை எனக்குண்டு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று யூஸ்டுசாப்ட் - ஆரக்கிள் வழக்கில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. பணம் வாங்கிக்கொண்டு காலவரம்பில்லாத உரிமத்தோடு மென்பொருளைத் தரவிறக்கக் கொடுத்தால் அது விற்பனையே. வாங்கியவர் மறுபடி விற்பதைத் தடுக்க முடியாது. ஆனால் விற்பவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். அமெரிக்காவில் நிலைமை வேறு. 2010இல் வெர்னர் - ஆட்டோடெஸ்க் வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தம் உரிமம் மட்டுமே தருகிறது என்று சொல்லி, கைமாறுவதையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தினால், வாங்கியவர் பிரதியின் உடைமையாளரே அல்ல என்றது. ஆக, உடைமை மாற்றம் என்று பொத்தானில் எழுதினால் ஒரு ஊரில் உண்மை, இன்னொரு ஊரில் பொய். பெயர்மாற்றம் இரண்டு ஊரிலும் உண்மை.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. 'ரீநேம்' என்பதற்குப் பலர் பெயர்மாற்று என்று எழுதுகிறார்கள். அரசிதழில் தன் பெயரையே மாற்றிக்கொள்வதும் பெயர் மாற்றம்தான். முதலாவதற்கு 'மறுபெயரிடு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கணக்குப் பக்கத்தில் ஒருவர் தன் பெயரின் எழுத்துப் பிழையைச் சரிசெய்யும் இடத்தில் 'பெயரைத் திருத்து' என்று போடலாம். அப்புறம் 'உரிம' என்ற முன்னொட்டை எந்த இடத்திலும் விடாமல் எழுதினால் குழப்பம் வராது.

அடுத்தது 'நான்-டிரான்ஸ்பரபிள்', அதாவது இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாத உரிமம். விலை மலிவாக இருக்கும்போது இந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். தள்ளுபடியில் ஏழெட்டுச் செருகுநிரல்களைத் தொகுப்பாக வாங்கி, வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைப் பிரித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விலையோடு உருவாக்கியவரே போட்டி போட முடியாது. அதனால் தொகுப்பைப் பிரித்து விற்கக்கூடாது என்றோ, இந்த விலையில் வாங்கியதை விற்கவே கூடாது என்றோ விதி போடுகிறார்கள். 50 டாலர் என்றால் எப்போதும் 50 டாலர், தள்ளுபடியே கிடையாது என்று விற்கும் வால்ஹல்லா போன்ற கடைக்கு இந்தத் தொல்லை குறைவு. 199 என்று எழுதி 29க்கு விற்பவர்களிடம்தான் இந்த விதிகள் எல்லாம் சேர்ந்து வரும். இதற்கு 'பெயர்மாறா உரிமம்' என்று வைக்கலாம். 'நிபந்தனை உரிமம்' என்றும் யோசித்தேன். அரசு ஒப்படை நிலத்துக்கு நிபந்தனைப் பட்டா என்கிறோமே, விற்கத் தடையுள்ளது. ஆனால் நிபந்தனை எல்லா உரிமத்திலும் உண்டு. பெயர்மாறா என்றால் சங்கதி நேராகத் தெரிகிறது.

விமர்சனம் எழுதுபவர்களுக்கு இலவசமாகத் தரும் என்.எப்.ஆர். ('நாட் பார் ரீசேல்') பிரதிகளுக்கு 'மறுவிற்பனைக்கு அல்ல'. இலக்கணப்படி ஒருமைக்கு 'அன்று' வரவேண்டும் என்று இங்கே இருவர் எழுதியிருந்தீர்கள். சரிதான், ஆனால் 'மறுவிற்பனைக்கு அன்று' என்பதை வாங்குபவர் ஏதோ ஒரு நாளைக் குறிப்பதாகப் படித்துவிடுவார். இங்கே 'அல்ல' இருக்கட்டும்.

இன்ட்ரோ பிரைஸ்: அறிமுக விலை. இதில் பேச ஒன்றுமில்லை.

'பர்பெச்சுவல் லைசென்ஸ்', அதாவது ஒருமுறை பணம் கட்டினால் என்றைக்கும் பயன்படுத்தலாம் என்கிற உரிமம், அதை மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'காலவரையற்ற உரிமம்' என்று வந்திருந்தது. காலவரையற்ற வேலைநிறுத்தம், காலவரையற்ற விடுமுறை என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, அது என்றைக்கு வேண்டுமானாலும் முடியும் என்றுதான் தோன்றும். 2023 மார்ச்சில், செருகுநிரல் விற்கும் வேவ்ஸ் நிறுவனம் இவ்வகை உரிமங்களை விற்பதை நிறுத்தி, இனிச் சந்தா மட்டுமே என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கியது. வாங்குபவர்கள் அவ்வளவு கோபப்பட்டது 'என்றைக்கும்' என்ற உறுதிக்காகத்தான். அந்த உறுதி சொல்லில் கேட்க வேண்டும். 'நிரந்தர உரிமம்' என்பது என் தேர்வு. வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'நிலை உரிமம்' என்று எழுதினால் மறுக்க மாட்டேன்.

இலங்கை நண்பர் ஒருவர், அங்கே வண்டி ஓட்டுவதற்குக்கூட சாரதி அனுமதிப்பத்திரம்தானே, உரிமம் என்ற சொல் எதற்கு என்று கேட்டிருந்தார். மென்பொருளில் உரிமம் ஊன்றிவிட்டது. தவிர, 'அனுமதிப்பத்திரப் பெயர்மாற்றம்' என்பது பொத்தானுக்குள் அடங்காது.

கோப்பில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

பொத்தான்: உரிமப் பெயர்மாற்றம்
அடுத்த பக்கம்: இந்த உரிமம் யார் பெயருக்கு மாற வேண்டும்? அவருடைய மின்னஞ்சலைத் தருக.
எச்சரிக்கை: பெயர் மாறியதும் உங்கள் கணினியில் இது இயங்காது.
வாங்குபவருக்கு: பெயர் மாறியதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் எங்களிடமிருந்து வரும்வரை பணம் அனுப்ப வேண்டாம்.

கடைசி வரி மூலத்தில் இல்லை. உருவாக்கியவரிடம் கேட்டேன், சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிறு இரவு கோப்பை அனுப்புகிறேன். மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள்.