சாளை மீனின் கொழுப்பு மூளைக்குள் போவது எப்படி? உயிரியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். குளச்சல் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். சாளையில் இருக்கும் டிஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பு மூளைக்குத் தேவை என்று வகுப்பில் சொன்னேன். அப்பா வள்ளத்தில் போகிற பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், மூளை கேட்டு வாங்குமா, இல்ல ரத்தம் கொடுக்கிறத அப்படியே எடுத்துக்குமா?" என்றாள். எவ்வளவு நல்ல கேள்வி! அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான்.

மூளையின் தந்துகி, அதாவது மிக நுண்ணிய ரத்த நாளத்தின் சுவரில் செல்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும், எல்லாம் உள்ளே போய்விடாது. அந்தச் சுவரிலுள்ள எம்எஃப்எஸ்டி2ஏ என்ற புரதம் டிஎச்ஏவை உள்ளே கடத்துகிறது என்று 2014இல் காட்டினார்கள். அதுவரை சரி. நரம்பு செல்கள் மும்முரமானால் அங்கே ரத்த ஓட்டம் கூடும், அதுவும் பாடத்தில் சொல்வதுதான். அப்படியானால், அதே நரம்புச் சமிக்ஞை கொழுப்பு எடுப்பையும் கூட்டிக் குறைக்குமா? நாளச் சுவர் செல்லுக்கு அந்தச் செய்தி நேரடியாக வருமா, இல்லை, நரம்பு செல்லுக்குத் துணையான ஆஸ்ட்ரோசைட், தந்துகியை வெளியே சுற்றியிருக்கும் பெரிசைட் ஆகிய செல்கள் வழியாகவா?

படித்தவர்கள் எளிய தமிழில் விளக்குங்கள். எலியில் பார்த்ததா, மனிதரில் பார்த்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாராவது சனிக்கிழமை வகுப்புக்கு வந்து பேசினால் இன்னும் சந்தோஷம். அந்தப் பிள்ளை தினமும் கேட்கிறாள்.