நம்ம சாப்பாடு எங்கிருந்து வருதுன்னு எங்க ஆரம்பிச்சு கத்துக்கறது?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். நாம சாப்பிடறது எங்கிருந்து வருது, அந்த மண்ணும் தண்ணியும் கெட்டுப்போனா நம்ம உடம்புக்கு என்ன ஆகும்னு ஒழுங்கா தெரிஞ்சுக்க ஆசை. ஆனா எதைத் தொறந்தாலும் இதுல விஷம் அதுல விஷம்னு பயமுறுத்தற வீடியோதான் வருது, ஏன் எப்படின்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான் சயின்ஸ் படிச்சவ இல்ல. எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

பதில் 1:
எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிடிக்காதீங்க. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிட்டு தட்டுல இருந்து பின்னாடியே போங்க. உதாரணத்துக்கு அரிசி. நெல் வயல்ல தண்ணி கட்டி நிக்குதுல்ல, அப்போ மண்ணுக்குள்ள ஆக்சிஜன் போகாது, சாதாரணமா மண்ணுல இருக்கற இரும்புத் துகள் ஆர்சனிக்ங்கற விஷப்பொருளைப் பிடிச்சு வச்சிருக்கும், ஆக்சிஜன் இல்லன்னா அந்த இரும்பு கரைஞ்சு ஆர்சனிக் தண்ணியில வந்துடும், நெல்லோட வேர் சிலிக்கானை எடுக்கற அதே பாதை வழியா அதையும் உறிஞ்சிடும். அதனாலதான் கோதுமையை விட அரிசில இது பொதுவா அதிகம். வயலை நடுநடுவுல காயவிட்டுப் பாய்ச்சினா குறையுது. பாருங்க, ஒரு பருக்கையைப் பிடிச்சா மண்ணு, நிலத்தடி நீர், பாசன முறை மூணும் கூடவே வந்துடுச்சு. குடிதண்ணியில ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதையும் சேர்த்துப் படிங்க.

பதில் 2:
மேல சொன்னது நல்ல வழி. நான் மீனைச் சொல்வேன். ஜப்பான்ல மினமாட்டான்னு ஒரு கடலோர ஊர், 1956ல அங்க ஜனங்களுக்கு கை கால் மரத்துப்போய் பேச்சு குழறி வலிப்பு வந்தது தெரிய வந்துச்சு, அதுக்கு முன்னாடியே ஊர்ப் பூனைங்க வெறி பிடிச்ச மாதிரி சுத்தி விழுந்து செத்திருக்கு. ஒரு ரசாயன ஆலை கழிவுல இருந்த மெத்தில் பாதரசம், அதாவது பாதரசத்தோட ஒரு விஷ வடிவம்தான் காரணம், ஆனா அரசாங்கம் அதை ஒத்துக்கவே 1968 ஆச்சு. அந்த 12 வருஷத்தை நினைச்சா இப்பவும் மனசு கொதிக்குது. கடல் தண்ணியில கொஞ்சூண்டுதான் இருக்கும், தண்ணியில மிதக்கற குட்டிக் குட்டி உயிர்கள்ல ஏறி, அதைத் தின்ற சின்ன மீன்ல இன்னும் ஏறி, பெரிய மீன்ல பல மடங்கா சேர்ந்துடும். சதையிலயே ஒட்டிக்கறதால கழுவினாலும் வேகவச்சாலும் போகாது. கர்ப்பமா இருக்கறவங்க சுறா, வாள்மீன் தவிர்க்கணும், மத்தி நெத்திலி மாதிரி சின்ன மீன் பரவாயில்லன்னு சொல்றது இதனாலதான்.

பதில் 3:
காய்கறியை விட்டுட்டீங்களே. மேல படியற பூச்சிமருந்து ஓடற தண்ணியில கழுவினா ஓரளவு போகும், ஆனா ஊடுருவிப் பாயற மருந்து செடிக்குள்ளயே போயிடும், அதைக் கழுவி எடுக்க முடியாது. அதுக்குத்தான் கடைசியா மருந்து அடிச்சு இத்தனை நாள் கழிச்சுதான் அறுக்கணும்னு லேபிள்ல காத்திருப்பு காலம் போட்டிருப்பாங்க, அதை மதிக்காம பறிச்சா எச்சம் நம்ம தட்டுக்கு வரும். இன்னொண்ணு, இந்தப் பேச்சுல எப்பவும் சாப்பிடறவங்களைப் பத்தியே கவலைப்படறோம். மாஸ்க் கையுறை இல்லாம காத்துக்கு எதிர நின்னு மருந்து அடிக்கறவங்க உடம்புல போறது நம்ம தட்டுல இருக்கற எச்சத்தை விட ரொம்ப அதிகம். சாப்பாடு எங்கிருந்து வருதுன்னு கேக்கறவங்க அவங்களையும் கேக்கணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, இப்படி யாரும் விளக்கினதே இல்ல. நான் அரிசில இருந்தே ஆரம்பிக்கறேன். ஒரு டவுட், அப்போ தீட்டாத அரிசிக்கு மாறினா ஆர்சனிக் குறையுமா?

பதில் 1:
இல்லங்க, கூடும். தவிட்டுலதான் அது அதிகமா தங்கும். ஆனா நார்ச்சத்தும் அங்கதான் இருக்கு, அதனால ஒரேயடியா விடவும் வேண்டாம், மத்த தானியங்களை மாத்தி மாத்தி சேர்த்துக்கோங்க. நிறைய தண்ணி விட்டு வேகவச்சு வடிச்சா கணிசமா குறையும், கூடவே கொஞ்சம் பி வைட்டமினும் போயிடும். ஒண்ணு கவனிங்க, சமைக்கற தண்ணியிலயே ஆர்சனிக் இருந்தா வடிச்சும் பிரயோஜனம் இல்ல, முதல்ல தண்ணியை டெஸ்ட் பண்ணிடுங்க.