மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உண்மையிலேயே சுதந்திரமாக இயங்குகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

மின்மானி:
வளரும் நாடுகள் பலவற்றில் ஆணையம் தன்னாட்சி உடையது என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் தேர்தல் நெருங்கினால் கட்டணம் அசைவதில்லை. ஆணையத்தின் எந்த ஆவணங்களைப் பார்த்தால் உண்மை நிலை பிடிபடும்?

துணைமின்நிலையம்:
முதலில் தேதிகளைப் பாருங்கள். இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டம், 64ஆம் பிரிவுப்படி, கட்டண மனு கிடைத்த 120 நாளுக்குள் ஆணை வர வேண்டும். இந்தக் கெடுவை மீறாமலே இழுத்தடிக்க வழி உண்டு: அரசுக்குச் சொந்தமான விநியோக நிறுவனம் மனுவே போடாது. மனு வராத வரை கெடுவும் தொடங்காது. அதனால்தான் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரில், மனு தாமதமானால் ஆணையமே தானாக முன்வந்து கட்டண நடைமுறையைத் தொடங்க வேண்டும் என்றது.

அடுத்து வருவாய் இடைவெளி, அதாவது விநியோக நிறுவனத்தின் செலவுக்கும் கட்டண வருவாய்க்கும் உள்ள வித்தியாசம். செலவை ஒப்புக்கொண்டுவிட்டு, கட்டணத்தை மட்டும் உயர்த்தாமல், 'ஒழுங்குமுறைச் சொத்து' என்று எழுதித் தள்ளிவைப்பார்கள். பெயர்தான் சொத்து, நுகர்வோருக்கு அது வட்டியோடு வளரும் கடன். எத்தனை ஆண்டில், எந்தத் தவணையில் வசூலாகும் என்று ஆணையில் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

சுமைவளைவு:
மானியக் கணக்கை விட்டுவிட்டீர்களே. 65ஆம் பிரிவுப்படி அரசு மானியத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் ஆணையம் நிர்ணயித்த முழுக் கட்டணமே பொருந்தும். இந்த இரண்டாம் பாதியைத் தொடத்தான் தயக்கம். வர வேண்டியது, வந்தது, வந்த தேதி ஆகிய மூன்றையும் காலாண்டுவாரியாக எடுத்துப் பாருங்கள்.

108ஆம் பிரிவையும் படியுங்கள். ஆணையத்துக்கு மாநில அரசு தரும் கொள்கை வழிகாட்டுதல் பொதுநலன் சார்ந்ததா என்ற கேள்வி எழுந்தால், அதில் அரசின் முடிவே இறுதி. ஓட்டை அங்கேதான்.

நடுநிலைக்கம்பி:
ஆவணத்துக்கு முன்னால் நாற்காலிகளை எண்ணுங்கள். உறுப்பினரைப் பதவி நீக்குவது கடினம், அதனால் யாரும் நீக்க மெனக்கெடுவதில்லை. பதவி காலியானால் நிரப்பாமல் விட்டாலே போதும். ஊழியர்கள் விநியோக நிறுவனத்திலிருந்து அயல்பணியில் வந்தவர்களா என்றும் பாருங்கள். திரும்பிப் போக வேண்டிய இடத்தின் கணக்கை யார் கடுமையாகச் சோதிப்பார்கள்?

கட்டணத்தைக் குறைத்தாலே ஆணையம் துணிச்சலானது என்றும் எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு அரசு கொடுத்த 6,900 கோடி ராண்ட் முதலீட்டை ஒழுங்குமுறை அமைப்பான நெர்சா கட்டணம் மூலம் வசூலிக்க அனுமதிக்கும் வருவாயிலிருந்து கழித்தது; 2020இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆணையில் கழித்த ஒவ்வொரு தொகைக்கும் எந்த விதிமுறை காட்டப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள்.