கொக்குவில் வீட்டார் குழு: ஆறாம் இலக்க ஊசி

சுகந்தி (ரொறன்ரோ): பெரியம்மா, குழந்தைச் சட்டைக்கான பின்னல் குறிப்பைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். அமெரிக்கக் குறிப்பு. மெரினோ கம்பளி, 50 கிராம் உருண்டையில் 120 மீற்றர், நான்கு உருண்டை வேண்டும். ஆறாம் இலக்க ஊசியில் 10 சென்ரிமீற்றருக்கு அகலத்தில் 22 கண்ணி, நீளத்தில் 28 வரி.

புவனம்: மெரினோவுக்கு யாழ்ப்பாணத்தில் நான் எங்கே போவது பிள்ளை? இங்கே எதைக் கேட்டாலும் வூல் என்றுதான் தருகிறார்கள். பச்சையில் இரண்டு கட்டு வாங்கினேன். மேலே சுற்றிய தாள்கூட இல்லை.

சிவம்: அக்கா, பருத்தி நூலில் பின்னினால் என்ன? உடம்புக்குக் குளிர்ச்சி.

புவனம்: தம்பி, குழந்தை பிறக்கப்போவது ரொறன்ரோவில், மார்கழியில். குளிர்ச்சிக்கு அங்கே குறைவில்லை.

மாலினி: பருத்தி பாரமும் கூட. இழுபட்டால் திரும்பிச் சுருங்காது, இடுப்புப் பட்டி நாலு நாளில் தொங்கிவிடும். சின்னம்மா, அந்தப் பச்சை நூலில் விரல் நீளம் வெட்டி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் பொடியாகும். அக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்றால் உருகிக் கட்டியாகிவிடும்.

புவனம்: உருகிவிட்டது. மிளகு போல ஒரு கறுப்பு மணி.

சுகந்தி: அக்ரிலிக் நல்லதுதான் பெரியம்மா. எனக்குக் கையால் அலசிக்கொண்டிருக்க நேரம் வராது, இயந்திரத்தில்தான் போடுவேன். சூட்டைக் குறைத்துக்கொள்கிறேன்.

மாலினி: ஆனால் நான்கு உருண்டை என்றதும் 200 கிராம் என்று எடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது நீளம், 480 மீற்றர். பத்து மீற்றர் அளந்து நிறுத்துப் பாருங்கள்.

புவனம்: என் சமையல் தராசில் பத்து மீற்றர் நூல் வைத்தால் முள் அசையாது.

சிவம்: கஸ்தூரியார் வீதிக்குத்தான் போகிறேன், தாருங்கள். நகைக்கடைத் தராசு எதற்கு இருக்கிறது?

சிவம்: மூன்றரை கிராம். கடைக்காரர் இது எந்த ஊர்த் தங்கம் என்று கேட்டார்.

மாலினி: அப்படியென்றால் 480 மீற்றருக்கு 168 கிராம். அக்ரிலிக் கம்பளியைவிட இலேசு, அதனால்தான் குறைகிறது. இரண்டு கட்டும் சேர்த்து 200 கிராம் இருந்தால் தாராளம்.

புவனம்: ஆறாம் இலக்க ஊசியில் மாதிரித் துண்டு பின்னிவிட்டேன். ஓரங்களை விட்டு நடுவில் அளந்தேன். 18 கண்ணிதான் வருகிறது. நூல் தடிப்பு போல.

சுகந்தி: 18 என்றால் குறிப்பில் சொன்ன 110 கண்ணியில் மார்புச் சுற்றளவு 61 சென்ரிமீற்றர் ஆகிவிடுமே! குறிப்பில் 50.

சிவம்: பள்ளிக்கூடம் போகும்போது போடட்டும்.

மாலினி: பத்து மீற்றர் மூன்றரை கிராம் நூல் அவ்வளவு தடிப்பாக இருக்காது. சின்னம்மா, உங்கள் ஊசி அம்மம்மா காலத்துப் பெட்டியில் இருந்ததா?

புவனம்: ஓம். தலையில் 6 என்று அடித்திருக்கிறது.

மாலினி: அது பழைய பிரித்தானிய இலக்கம். 6 என்றால் 5 மில்லிமீற்றர். அமெரிக்க இலக்கத்தில் 6 என்றால் 4 மில்லிமீற்றர். பிரித்தானியருக்கு இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்கருக்குத் தடிக்கும். உங்கள் பெட்டியில் 8 இருக்கிறதா? அதுதான் 4 மில்லிமீற்றர்.

புவனம்: இருக்கிறது. பாவம், நூலைத் திட்டினேன்.

புவனம்: எட்டில் பின்னி, கழுவி, இழுக்காமல் தட்டையாக விரித்துக் காய வைத்து அளந்தேன். 21 கண்ணி, 27 வரி.

மாலினி: ஒன்பதில் பின்னினால் 22 கிடைக்கும்.

புவனம்: வேண்டாம். இந்த நூல் ஒன்பதில் விறைத்துப்போகும், குழந்தைக்கு மெதுமை வேண்டும். 110 கண்ணிக்கு 52 சென்ரிமீற்றர் வரும், இரண்டு கூடினால் குற்றமில்லை. நீளத்தை வரி எண்ணாமல் அடிமட்டம் வைத்துப் பின்னுகிறேன்.

சுகந்தி: பெரியம்மா, குல்லாவும் பின்னுவீர்களா?

புவனம்: அதற்கு நூல் காணாது. தம்பி, சந்தைப் பக்கம் நிற்கிறாயா? அதே கடையில் அதே பச்சையில் இன்னொரு கட்டு எடு. வேறு தடவை சாயம் போட்ட தொகுதி வந்தால் நிறம் மாறிவிடும்.

சிவம்: பச்சையில் நான்கு விதம் வைத்திருக்கிறார்கள். படம் அனுப்புகிறேன்.

புவனம்: படத்தில் நிறம் தெரியாது. வந்து ஒரு துண்டு நூல் கொண்டுபோய் வெளிச்சத்தில் ஒத்துப்பார்.