மெடல் விளிம்பில் ஒரு சிப்பாய்: உங்களுக்குத் தட்டுப்பட்டதையும் எழுதுங்கள்

வடாற்காடான்:
பழைய வெள்ளி எடுக்கும் கடை. கொலுசு, அரைஞாண் குவியலுக்குள் 1914-18 பிரிட்டிஷ் போர் மெடல் ஒன்று. ஸ்டெர்லிங் வெள்ளி, 36 மி.மீ., எடை ஏறக்குறைய ஓர் அவுன்சு. நம் பக்கம் இவை மூசையில் போய் முடிந்ததற்கு அந்த எடைதான் காரணம். இதில் கொக்கியை அறுத்து எறிந்துவிட்டு, கழுத்தில் போடத் தோதாக விளிம்பிலேயே வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். பற்று விழுந்தது விளிம்பில் பதித்த சிப்பாயின் பட்டாள எண்ணின் மேல். 'சிப்பாய்', பெயர், 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி எல்லாம் பளிச்சென்று இருக்கிறது; எண்ணில் கடைசி இரண்டு இலக்கம்தான் மிச்சம். 63 என்றாலே 1914 நவம்பர், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய டான்சானியா) டாங்காவில் நடந்த சண்டை. அங்கே விழுந்தவரின் மெடல் தராசுத் தட்டில் கிடக்கிறது.

ரிஜிஸ்டர்:
விழுந்தவர் என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள்? உயிரோடு திரும்பியவருக்கும் இதே மெடல்தான். இறந்தவர் வீட்டுக்குக் கூடுதலாக வந்தது 12 செ.மீ. வெண்கலத் தட்டு. அதில் பெயர் மட்டும் இருக்கும். சாவில் மேல் கீழ் வேண்டாம் என்று பதவியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். எண்ணும் பட்டாளமும்கூடக் கிடையாது. ஆகவே தட்டை மட்டும் வைத்து ஆளை உறுதி செய்ய முடியாது, மெடலும் அதே வீட்டில் இருக்க வேண்டும். 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர் என்றால் 1914-15 வெண்கல நட்சத்திரமும் சேரும்.

தேடும்போது போரில் இறந்தவர்களுக்கான காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். முனுசாமி என்பதை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பட்டாளத்தையும் வருடத்தையும் மட்டும் கொடுத்து, வருகிற எல்லோரையும் வரிசையாகப் படியுங்கள். பல பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், ஜில்லா இருக்கும். ஜில்லா என்பது அன்றைய ஜில்லா: தருமபுரிக்காரர் சேலத்தில் இருப்பார், திருவண்ணாமலைக்காரர் வட ஆற்காட்டிலோ தென் ஆற்காட்டிலோ. அப்புறம் கடைசி இரண்டு இலக்கத்தை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பட்டாளமும் தன் ஆட்களுக்குத் தானே எண் போட்டது. அதே எண் இன்னொரு பட்டாளத்தில் வேறொருவருக்கு இருக்கும்.

ஷட்டல்அரப்:
ஈராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவுச்சின்னத்தின் பலகைப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டாளத்தின் பெயர், கீழே இந்திய அதிகாரிகளான சுபேதார், ஜமேதார் பெயர்கள். ஹவில்தார், நாயக், சிப்பாய்க்கு வந்ததும் "மேலும் இத்தனை இந்தியப் படைவீரர்" என்று ஒரே வரி. மெசொப்பொத்தேமியாவில் (அன்றைய ஈராக்) இறந்த 40,000 பேருக்கு மேல் அதன் கணக்கில் வருகிறார்கள். நம் சிப்பாய்களின் பெயர் காகிதப் பட்டியலில்தான். இதே ஆணையம் 1927இல் பிரான்ஸில் நேவ் ஷாப்பெல்லில் திறந்த சின்னத்தில் சிப்பாய்களின் பெயரையும் கல்லில் வெட்டியது, ஆகவே முடியாத வேலை இல்லை. ஓரவஞ்சனை நடந்தது என்று 2021 அறிக்கையில் ஆணையமே ஒப்புக்கொண்டது.

ஆனால் ரிஜிஸ்டர் சொல்வது பாதிதான். பட்டியலில் இறந்த தேதி கிடைத்ததும் பட்டாளத்தின் போர் நாட்குறிப்பில் அதே நாளைத் திறக்க வேண்டும். லண்டனில் கியூ (Kew) என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் டபிள்யூ.ஓ. 95 வரிசை. வெள்ளை அதிகாரி காயம்பட்டால் பெயரோடு வரும். சிப்பாய் செத்தால் 'ஐ.ஓ.ஆர். 1' (அதிகாரி அல்லாத இந்தியர் ஒருவர்) என்று எண்ணிக்கைதான். அன்றைக்குச் சண்டையே இல்லை என்றால் காய்ச்சலோ பேதியோ. ஆஸ்பத்திரி எங்கே இருந்தது என்று பார்த்தால்தான் அவர் எந்தச் சின்னத்தில் சேர்ந்தார் என்பது பிடிபடும்.

புளிபோடாதீர்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மெடலைத் திருநீறு, பல்பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பு எழுத்து மெல்லிய அச்சு. வருடா வருடம் பொங்கலுக்குத் தேய்த்த மெடலில் மன்னர் தலை மின்னும், சிப்பாய் பெயர் காணாமல் போயிருக்கும். குழிக்குள் படிந்த கறுப்புதான் எழுத்தையே காட்டுகிறது. படிக்க முடியவில்லையா? அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து, மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுங்கள். வெண்கலத் தட்டில் புளியோ எலுமிச்சையோ பட்டால் பழுப்பு உரிந்து இளஞ்சிவப்பாகிவிடும், திரும்ப வராது. ரப்பர் பேண்ட் கூடாது, அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும். பி.வி.சி. கவரும் கூடாது, பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். பருத்தித் துணி போதும். வடாற்காடானுக்கு: வளையத்தைக் கழற்றுகிறேன் என்று பத்தரிடம் கொடுக்காதீர்கள். ஈயப் பற்றாக இருந்து ஊதுகுழல் சூடு ஏறினால் ஈயம் வெள்ளியைத் தின்று குழி போடும். மிச்சமிருக்கும் இரண்டு இலக்கமும் போய்விடும்.

சாவடிக்கல்:
எல்லோரும் லண்டனுக்கே ஓடுகிறீர்கள். ஊர்ச் சாவடியில், பழைய பள்ளிக்கூடச் சுவரில் பாருங்கள். "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர்" என்று கல் பதித்திருக்கும். ஒரு கல்லில் சுண்ணாம்பு ஏழெட்டுப் பூச்சு. போனவர் எண்ணிக்கை படிக்க முடிகிறது, இறந்தவர் இலக்கம் மட்டும் சுத்தமாக அடைந்துவிட்டது. அதிலும் பெயர் கிடையாது என்பது வாஸ்தவம். ஆனால் ஊர் உறுதியாகிறது. அந்த ஊர்ப் பெயரை வைத்துப் பட்டியலில் பின்னோக்கித் தேடலாம். ரிஜிஸ்டர் சொன்ன வழியைவிட ஆள் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

ரிஜிஸ்டர்:
குறையும், ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதியிருந்தால். பட்டாளத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியவர். கல்லில் இருக்கும் எழுத்துக்கூட்டல் அவர் எழுத்துக்கூட்டல் ஆகாது. தாலுகாவிலிருந்து இறங்கி வாருங்கள்.